பேர் போட்டு முடியவில்லை: குடும்பச் சிரிப்புத் தொடர்களைப் பகடி செய்யும் திகில் குறும்படங்கள்

ஒரு தப்பை ஒத்துக்கொண்டு தொடங்குகிறேன். என் படிவம் ஐந்து மாணவி ஒருத்தி, ‘என்னைக் கவர்ந்த நகைச்சுவைப் படைப்பு’ என்ற கட்டுரைக்கு ஓர் அமெரிக்கக் குறும்படத்தை எடுத்து எழுதியிருந்தாள். பெயர் ‘டூ மெனி குக்ஸ்’. குடும்பம், பாட்டு, பொம்மைப் பூனை என்று நன்றாகத்தான் போனது கட்டுரை. நான்காம் பத்தியில் ஒருவன் வெட்டுக்கத்தியோடு வந்து, வீட்டிலிருப்பவர்களைத் தீர்த்துக்கட்டத் தொடங்கிவிட்டான். நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஓரத்தில் ‘தலைப்பை விட்டு விலகல். இது திகில், நகைச்சுவை அன்று’ என்று எழுதி, புள்ளியைப் பாதிக்குக் கீழே இறக்கினேன்.

தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று அவள் சண்டை போடவில்லை. “டீச்சர், நீங்க படத்தைப் பார்த்தீங்களா?” என்று மட்டும் கேட்டாள். பார்க்கவில்லை. அன்றிரவு பார்த்தேன். பிறகு அதே வகையில் இன்னும் சிலவற்றைத் தேடிப் பார்த்தேன். நான் திருத்திய தாள்களிலேயே மிக மோசமாகத் திருத்தியது அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. ஏன் என்பதைத்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன். தேர்வு எழுதும் மாணவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் படத்தைப் பற்றி. கேஸ்பர் கெல்லி எழுதி இயக்கியது. அமெரிக்காவின் ‘அடல்ட் சுவிம்’ ஒளிபரப்பில் 2014 அக்டோபர் 28 அன்று விடியற்காலை 4 மணிக்குப் போட்டார்கள். வழக்கமாக விளம்பர நிகழ்ச்சிகள் ஓடும் நேரம் அது. தூக்கம் வராமல் தொலைக்காட்சியைத் திறந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சில நாள்களில் இணையம் முழுக்கப் பரவிவிட்டது. நீளம் 11 நிமிடம்தான்.

அந்த 11 நிமிடத்தில் ஏறக்குறைய முழுவதும் தலைப்புப் பாடலே ஓடுகிறது. 1980களிலும் 90களிலும் வந்த அமெரிக்கக் குடும்பச் சிரிப்புத் தொடர்களை நினைத்துக்கொள்ளுங்கள். சிட்காம் என்று சுருக்கிச் சொல்கிறார்களே, அவைதான். அப்பா பெட்டியோடு வீட்டுக்குள் நுழைவார், கேமராவைப் பார்த்துச் சிரிப்பார், கீழே மஞ்சள் எழுத்தில் நடிகர் பெயர் வரும். அடுத்து அம்மா, பிறகு பிள்ளைகள். ‘குக்’ என்பது அந்தக் குடும்பத்தின் பெயர். சமையல்காரர் கூடினால் கஞ்சி கெட்டுப்போகும் என்ற ஆங்கிலப் பழமொழியின் முதல் பாதியைத் தலைப்பாக்கி, அதற்கு வாயில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு ஒன்றையும் போட்டிருக்கிறார்கள். ஒரு நிமிடம் ஆகிறது, இன்னும் பெயர் வந்துகொண்டே இருக்கிறது. இன்னொரு பிள்ளை, இன்னொரு பிள்ளை, யார் யாரோ. ‘ஆல்ஃப்’ தொடரை நினைவூட்டும் ஸ்மார்ஃப் என்ற பொம்மைப் பூனைகூட வருகிறது. முதலில் புன்னகை, பிறகு வாய்விட்டுச் சிரிப்பு. இரண்டாம் நிமிடத்தில் ‘என்னப்பா இது, எப்போது முடியும்?’ என்ற எரிச்சல். அதற்கு அப்புறம் லேசாக வயிற்றைப் பிசைகிறது.

எங்கள் வீட்டில் தொலைக்காட்சியில் படம் தொடங்கினால் அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார்: “பேர் போட்டாச்சா?” பேர் போடும் வரைக்கும் கதை இல்லை, அதுவரை வெங்காயம் நறுக்கலாம் என்பது அதன் பொருள். உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி கேட்டிருக்கும். பேர் போடுவது ஒரு வாசல். அதைக் கடந்துதான் கதைக்குள் போகவேண்டும். ‘டூ மெனி குக்ஸ்’ அந்த வாசலிலேயே நம்மை நிறுத்தி வைத்துவிடுகிறது. கதை வரவே வராது என்று தெரிய வரும்போது, உள்ளே மாட்டிக்கொண்ட அந்தக் குடும்பத்துக்கும் அது தெரிந்திருக்குமோ என்ற எண்ணம் வருகிறது. பயம் தொடங்குவது அங்கே.

கொலைகாரனை எடுத்துக்கொள்வோம். வில்லியம் டோகார்ஸ்கி என்பவர் நடித்திருக்கிறார். தாடி வைத்த, எந்தக் குடும்பத்திலும் ஒட்டாத முகம். அவன் திடீரென்று வருவதில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டு பெயர் போட்டுக்கொண்டிருக்கும்போதே, ஆரம்பக் காட்சிகளின் பின்புறத்தில் நின்றுகொண்டிருக்கிறான். முதல் தடவை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் கவனிக்கமாட்டார்கள். நான் கவனிக்கவில்லை. கட்டுரை எழுதியவள் கவனித்திருந்தாள்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை கத்தியை விடப் பயங்கரமான காட்சி வேறு. ஒரு பெண் அவனிடமிருந்து தப்பி ஓடி ஓர் அலமாரிக்குள் ஒளிந்துகொள்கிறாள். மூச்சுச் சத்தம்கூட வெளியே வராமல் அடக்கிக்கொள்கிறாள். ஆனால் அவளுடைய பெயர் எழுத்து அவள்மீது ஒளிர்ந்துகொண்டே இருக்கிறது. அவன் அதைப் பார்த்துவிடுகிறான். இதைப் பார்த்து நான் சிரித்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். சிரித்த அதே நொடியில் கையும் குளிர்ந்தது. முதல் சிரிப்பும் அந்தப் பயமும் ஒரே மஞ்சள் எழுத்திலிருந்து வந்தவை. பிறகு எழுத்தும் ஆளும் இடம் மாறிக்கொள்கிறார்கள். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஆள், ஆள் நிற்கவேண்டிய இடத்தில் பெயர். மருத்துவமனைக் காட்சி ஒன்றில் இதற்கு ஒரு நோயின் பெயரே சூட்டுகிறார்கள், தலைப்புக் காட்சி நோய் என்பது போல.

நான் சிவப்புப் பேனாவால் எழுதிய தீர்ப்பு இங்கேதான் உடைகிறது. ‘இது திகில், நகைச்சுவை அன்று’ என்றேன். இரண்டும் மாறி மாறி வருகின்றன என்று சொன்னாலும் சரியாகாது. ஒரு பேய்ப்படத்தில் நடுநடுவே நகைச்சுவை நடிகர் வந்து போவது அந்த மாதிரி. அங்கே சிரிப்பு பயத்துக்கு ஓய்வு. இந்தக் குறும்படங்களில் ஓய்வே கிடையாது. தொடரின் எந்த உறுப்பு நம்மைச் சிரிக்க வைத்ததோ, அதே உறுப்பை நிறுத்தாமல் நீட்டி, அல்லது இடம் மாற்றி வைத்து, பயமாக்குகிறார்கள்.

மாணவர்களே, இதற்கு நம் பாடத்திலேயே சொற்கள் இருக்கின்றன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. நகை, அச்சம், மருட்கை மூன்றும் அவற்றில் உண்டு. நகை பிறக்கும் இடங்களில் முதலாவது எள்ளல். பகடி என்பது ஒரு படைப்பின் வடிவத்தையே எள்ளுவது. மருட்கை பிறக்கும் இடங்களில் ஒன்று ஆக்கம். ஒரு பொருள் திரிந்து வேறொன்றாவது என்று உரையில் விளக்கம் தருவார்கள். பெயர் ஆளாகவும் ஆள் பெயராகவும் மாறுவது சாட்சாத் அதுதான். அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு. கத்தியோடு வருபவனைக் கள்வர் கணக்கில் வைக்கலாம். நானோ இந்தப் படத்தின் உண்மையான அச்சத்தை ‘இறை’யின் கீழ் வைப்பேன். மீறமுடியாத அதிகாரத்தின் முன் வரும் பயம் அது. இங்கே அரசன் இல்லை. பாட்டு முடியும் வரை சிரித்துக்கொண்டே நில் என்று கட்டளையிடும் நிகழ்ச்சி வடிவம்தான் அந்த இறை. (தொல்காப்பியர் அன்றே இதைச் சொல்லிவிட்டார் என்று மேடையில் முழங்கவேண்டாம். அவர் சொல்லவில்லை. அவர் கொடுத்த அளவுகோல் நமக்கு இங்கேயும் உதவுகிறது, அவ்வளவுதான்.)

அங்கதம், பகடி இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. சமூகத்தின் அல்லது மனிதரின் குறையைச் சாடுவது அங்கதம். அது வெளிப்படையாகவும் இருக்கலாம், மறைத்தும் இருக்கலாம். பகடி இன்னொரு படைப்பின் நடையைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டு அதே மாதிரி நடந்து காட்டும். நல்ல பகடிக்கு மூலத்தின்மேல் பாசம் வேண்டும். ‘டூ மெனி குக்ஸ்’ எடுத்தவர்களுக்கு அந்தப் பழைய தொடர்களின் எழுத்துரு, ஒளி, சிரிக்கும் கோணம் எல்லாம் அத்துப்படி என்பது ஒவ்வொரு சட்டத்திலும் தெரிகிறது.

ஒளி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இந்த வகைத் தொடர்களின் தாய் என்று சொல்லத்தக்க ‘ஐ லவ் லூசி’ 1951இல் தொடங்கியது. பார்வையாளர்களை எதிரே உட்கார வைத்து, மூன்று கேமராக்களால் ஒரே நேரத்தில் படம் பிடித்தார்கள். எந்தக் கேமராவுக்கும் நிழல் விழக்கூடாது. எனவே கூடம் முழுக்க ஒரே சீராக வெளிச்சம் பரவும்படி ஒளி அமைத்தவர் கார்ல் ஃபிராய்ண்ட். யார் இவர்? 1931இல் வந்த ‘டிராகுலா’வின் ஒளிப்பதிவாளர். மறு ஆண்டு ‘தி மம்மி’ என்ற திகில் படத்தை இயக்கியவர். நிழலை வைத்து உலகத்தைப் பயமுறுத்திய கைதான் சிரிப்புத் தொடரிலிருந்து நிழலைத் துடைத்தெடுத்தது. இது தெரிந்த பிறகு அந்த வெளிச்சமான கூடத்தைப் பழைய மாதிரி பார்க்கவே முடியவில்லை. பேய்ப்படத்தில் இருட்டான மூலை பயம். இந்தக் குறும்படங்களில் மூலையே கிடையாது. ஒளிந்துகொள்ள ஒரு நிழல்கூட மிச்சமில்லாத வீட்டில் கத்திக்காரன் பளிச்சென்று நிற்கிறான்.

இதே வெளிச்சத்தைப் பறித்துவிட்டு, சிரிப்பொலியை மட்டும் வைத்துக்கொண்ட படம் ஒன்று இதற்கு முன்பே வந்திருக்கிறது. டேவிட் லின்ச் 2002இல் தம் இணையத்தளத்தில் வெளியிட்ட ‘ரேபிட்ஸ்’. மங்கலான ஒரு வரவேற்பறை, சோபா, வெளியே ஓயாத மழை. முயல் தலையும் மனித உடையுமாக மூன்று பேர். நவோமி வாட்ஸ் போன்ற பெரிய நடிகைகள்தான் உள்ளே இருக்கிறார்கள், முகம்தான் தெரியாது. ஒருத்தி சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள், ஒருத்தி பின்னால் துணிக்கு இஸ்திரி போடுகிறாள். ஜாக் கதவைத் திறந்து உள்ளே வந்தால் பலத்த கைத்தட்டல். நட்சத்திர நடிகர் நுழையும்போது கூட்டம் தட்டுமே, அதே தட்டல். அவர் பேசாமல் நிற்கிறார். ஒருவர் சொல்வதற்கும் அடுத்தவர் பதிலுக்கும் தொடர்பே இல்லை. கேள்விகளும் பதில்களும் சீட்டுக்கட்டு மாதிரி கலைந்து கிடக்கின்றன. சிரிக்க எதுவுமே இல்லாத ஒரு வரிக்குப் பின்னால் கூட்டம் கொல்லென்று சிரிக்கிறது.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது? 1950களில் சார்லி டக்ளஸ் என்ற ஒலிப்பொறியாளர் சிரிப்புப் பெட்டி ஒன்றைச் செய்தார். பதிவு செய்த விதவிதமான சிரிப்புகளை அதில் அடைத்து, விசையை அழுத்தினால் வேண்டிய சிரிப்பு வரும்படி வைத்தார். மெல்லச் சிரிக்க ஒரு விசை, வெடித்துச் சிரிக்க ஒரு விசை. அமெரிக்கத் தொடர்கள் பலவற்றில் பல்லாண்டுகள் அவருடைய சிரிப்புத்தான் ஒலித்தது. பழைய பதிவுகளை மறுபடி மறுபடி பயன்படுத்தினார்கள் என்றால், சிரித்த மனிதர்களில் சிலர் காலமான பிறகும் அவர்கள் சிரிப்பு வேலை பார்த்திருக்கிறது. லின்ச் புதிதாகப் பேயைக் கொண்டுவரத் தேவையே இருக்கவில்லை, பாருங்கள். பேய் ஏற்கெனவே ஒலித்தடத்தில் குடியிருந்தது. அவர் செய்ததெல்லாம் நகைச்சுவையை எடுத்துவிட்டு, அந்தச் சிரிப்பைத் தனியாக விட்டதுதான்.

‘ரேபிட்ஸ்’ மனத்தை என்ன செய்கிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு சாராருக்கு ‘ரேபிட்ஸ்’ துண்டு, மற்றவர்களுக்கு ‘சிம்சன்ஸ்’. இரு பக்கத்திலும் சிலருக்குப் பாரசிட்டமால், சிலருக்கு வெறும் மாத்திரை. பிறகு கலவரத்தில் ஈடுபட்டவர்களுக்கு என்ன தண்டனை தரலாம் என்று கேட்டார்கள். வெறும் மாத்திரை விழுங்கி ‘ரேபிட்ஸ்’ பார்த்தவர்கள் கடுமையாகத் தண்டிக்கச் சொன்னார்கள். பாரசிட்டமால் போட்டவர்களிடம் அந்தக் கடுமை இல்லை. நம் வீட்டுப் பனடோல்தான்! இதை வைத்துக்கொண்டு மருந்து சாப்பிடச் சொல்லாதீர்கள். அர்த்தம் பிடிபடாத காட்சி ஏற்படுத்தும் அமைதியின்மை வேறெங்கோ போய்க் கோபமாக வெளிப்படக்கூடும் என்பதுதான் அதில் எனக்குப் பட்டது. எனக்கும் ஒரு கட்டுரை பிடிபடவில்லை. நானும் தண்டனையைக் கூட்டித்தான் போட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. ‘ரேபிட்ஸ்’ எட்டுப் பகுதி. இரண்டாம் பகுதி தாண்டும்போதே எனக்குக் கண் சொருகியது. ‘டூ மெனி குக்ஸ்’ நடுவில் காவல்துறைத் தொடர், பணக்காரக் குடும்பத் தொடர், கேலிச்சித்திரம், விண்கலம் என்று ஊரிலுள்ள எல்லா வகையையும் சுற்றி வருகிறது. அங்கே பயமும் இல்லை, பெரிய சிரிப்பும் இல்லை. ‘இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன்’ என்று அடையாளம் கண்டுபிடிக்கும் சின்ன மகிழ்ச்சி மட்டும்தான். அலமாரிக் காட்சிக்கு முன்னால் அதெல்லாம் வெறும் சரக்குப் பட்டியல்.

மாணவர்கள் உடனே ‘வாண்டாவிஷன்’ என்பார்கள். 2021இல் வந்த தொடர். குறும்படம் அல்ல. என்றாலும் அதன் முதல் பகுதியில் ஒரு விருந்துக் காட்சி உண்டு. விருந்தாளிக்குத் தொண்டையில் உணவு சிக்கிக்கொள்ள, அவர் மனைவி சிரித்த முகத்தோடு சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். பின்னணிச் சிரிப்பு நின்றுபோகிறது. அந்தச் சில நொடிகள் நான் மேலே சொன்ன எதற்கும் குறைந்தவை அல்ல. ஆனால் போகப்போக எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிவிடுகிறார்கள். இன்ன துக்கம், அதனால் இன்ன மாயம் என்று. காரணம் தெரிந்ததும் நமக்குப் பரிவு வருகிறது, பயம் போய்விடுகிறது. அது தப்பு என்று சொல்லமாட்டேன். வேறு வகைப் படைப்பு.

இந்த உத்தி வெறும் விளையாட்டாக நின்றுவிடாத ஓர் இடத்தையும் சொல்லவேண்டும். ஆலிவர் ஸ்டோன் 1994இல் இயக்கிய ‘நேச்சுரல் போர்ன் கில்லர்ஸ்’ படத்துக்குள் ‘ஐ லவ் மேலரி’ என்று ஒரு பகுதி, சிரிப்புத் தொடர் போலவே எடுக்கப்பட்டது. நகைச்சுவை நடிகர் ராட்னி டேஞ்சர்ஃபீல்டு தகப்பனாக வருகிறார். அந்த வீட்டில் நடப்பது மகளுக்கு இழைக்கப்படும் கொடுமை. அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் கூட்டம் சிரிக்கிறது. தாய் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறாள். எனக்கு அதற்கு மேல் பார்க்க முடியாமல் நிறுத்திவிட்டு, பிறகுதான் திரும்பி வந்தேன். ‘குடும்பத்தில் இதெல்லாம் சகஜம்’ என்று நாம் சொல்லிச் சிரித்துவிடும் விஷயங்களுக்கு ஒலிவடிவம் கொடுத்தால் இப்படித்தான் கேட்கும் போலிருக்கிறது. வகுப்பில் ஒரு பையனின் உச்சரிப்பைக் கேட்டு முப்பது பேர் சிரிக்கும்போது, விசையை அழுத்துவது யார் என்று நான் இப்போது பார்க்கிறேன். சில நாள்களில் அது நானாகவே இருந்திருக்கிறேன்.

ஆசிரியர்களுக்கு ஒரு நடைமுறைச் சொல். ‘டூ மெனி குக்ஸ்’ படத்தில் வெட்டும் இரத்தமும் உண்டு, எனவே முழுப் படத்தையும் வகுப்பில் போடாதீர்கள். ஸ்டோன் படத்தை வகுப்புக்குக் கொண்டுவரவே வேண்டாம். முதல் இரண்டு நிமிடம் மட்டும் போட்டு நிறுத்திவிட்டு, “எந்த இடத்தில் உங்கள் சிரிப்பு நின்றது? அந்த நொடியில் திரையில் என்ன இருந்தது?” என்று கேளுங்கள். நான் படிவம் நான்கில் கேட்டுப் பார்த்தேன். ஒருவன் பாட்டு இரண்டாம் முறை சுற்றியபோது என்றான். ஒருத்தி, பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி தலையைத் திருப்பியபோது என்றாள். “எனக்கு நிக்கவே இல்லை டீச்சர்” என்று ஒருவன். மூன்றும் நல்ல விடைகள். ஏனென்றால் மூன்றும் படத்தில் ஓர் இடத்தைக் காட்டுகின்றன, அல்லது காட்ட மறுப்பதற்குக் காரணம் கேட்க வழி விடுகின்றன. ‘இப்படம் நகைச்சுவையாகவும் திகிலாகவும் அமைந்து மனத்தைக் கவர்கிறது’ என்று எழுதினால் அது எந்தப் படத்துக்கும் பொருந்தும். இலக்கியத் தாளில் நாடகத்தைப் பற்றி எழுதும்போதும் இதே கதைதான். எந்தச் சொல், எந்த மௌனம், எந்த நுழைவு என்று விரலை வைத்துக் காட்டுங்கள்.

படத்தின் முடிவுக்கு வருவோம். அடிபட்ட ஸ்மார்ஃப் பூனை தவழ்ந்து போய் ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்துகிறது. எல்லாம் பழையபடி ஆகிறது. இது தொடர்களின் பழைய சட்டம். இந்த வாரம் என்ன நடந்தாலும் அடுத்த வாரம் அதே சோபா, அதே சிரிப்பு. சின்ன வயதில் எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது! இப்போது அந்தப் பொத்தானைப் பார்க்கும்போது, யாரும் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள அனுமதி இல்லாத வீடாக அது தெரிகிறது.

மாணவியின் தாளை மறுபடி வாங்கிப் படித்தேன். நான்காம் பத்தியின் கடைசி வரி இது: ‘இதில் பயமுறுத்துவது கொலைகாரன் இல்லை, பேர் போட்டு முடியாததுதான்.’ நான் இரண்டாயிரம் சொல்லில் சுற்றி வந்ததை அவள் ஒரு வரியில் முடித்திருந்தாள். அந்த வரியில் என் சிவப்பு மை இருந்தது. ‘பேர்’ என்பதை அடித்து, மேலே ‘பெயர்’ என்று திருத்தியிருந்தேன். கருத்துக்கு ஒரு கோடுகூட இல்லை.

புள்ளியை மாற்றிக் கொடுத்தேன். ‘பேர்’க்குக் கழித்த அரைப் புள்ளியை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். எழுத்துத் தாள் இல்லையா? அதற்கும் அவள் சண்டைக்கு வந்தாள். “பெயர் போட்டாச்சான்னு யாராவது கேப்பாங்களா டீச்சர்?” இன்னும் பதில் சொல்லவில்லை.